ஏத்தம்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு
அணையைத் திறந்தார்களாம்.
பார்த்திபனூர் மதகணையிலிருந்து நம்புவேல் போன் பண்ணினான்,
தானே திறந்துவிட்டவன்போல.
தங்கச்சி வீட்டுக்காரன். தற்காலிக லஸ்கர்,
ஷட்டருக்குக் கிரீஸ் தடவுகிற வேலை.
"மைனி, பறியை எடுத்து வெயில்ல போடுங்க."

நான் மலையைப் பார்த்ததில்லை.
ஆற்றங்கரையில் உயரம் என்றால்
தர்காவின் கொடிமரம்,
அதை மிஞ்சி நிற்கும் செல்போன் கோபுரம்.
வருசநாடு, மேகமலை எல்லாம் எனக்கு
ஒரு ருசி.
கலங்கல் தண்ணீரை நாக்கில் வைத்தால்
ஓரத்தில் இலை அழுகிய கசப்பு.
அது வந்தால் இறால் வரும்.
வராத ஆண்டுகளில்
உப்பு என் விரலிடுக்கைத் தின்னும்.

புதன்கிழமை பேரணை தாண்டியது.
வியாழன், மதுரையில் தரைப்பாலம் முங்கியது என்று
படம் அனுப்பினான்.
தண்ணீரைக் காணோம்,
செல்பி எடுக்கிற தலைகள்தான் தெரிந்தன.
வெள்ளிக்கிழமை மானாமதுரையில்
மணலுக்குள் போய்விட்டது.
லாரி லாரியாய் அள்ளிய பள்ளங்கள்
வாயைத் திறந்து வைத்திருந்தனவாம்.
ஆற்று மண் பழைய வட்டிக்கடைக்காரன்,
பாக்கியைக் கறக்காமல் வழி விடாது.

சனி, ஞாயிறு போன் இல்லை.
நானும் கேட்கவில்லை.
பறியின் அடியில் ஓலை இற்றிருந்தது, பொத்தினேன்.

திங்கள்: மதகணையில் இரண்டரை அடி.
இடது கால்வாய்க்குக் கொஞ்சம், வலது கால்வாய்க்குக் கொஞ்சம்.
இரண்டு பக்கமும் மிளகாய்க் காட்டுக்காரர்கள்
டார்ச் லைட்டோடு காவல்.
"மிச்சந்தான் மைனி ஒங்களுக்கு."
மிச்சம், பரமக்குடியில் ஆகாயத்தாமரையைத் தள்ளிக்கொண்டு
பெரிய கண்மாய்க்குப் போனது.
கண்மாய்க்குப் பெயருக்கேற்ற வயிறு.
ஒன்பது நாள் குடித்தது.

அப்புறம் ஒரு ராத்திரி
சீமைக்கருவேல முள்ளுக்குள் எலி ஓடுகிற மாதிரி சத்தம்.
ஜொகராள்தான் முதலில் கேட்டாள்.
டார்ச் அடித்தோம்.
கணுக்கால் தண்ணீர்.
முன்னால் நுரை, நுரைக்கும் முன்னால்
காய்ந்த கருவேலங்காய்,
தக்காளிப் பெட்டியின் உடைந்த பலகை,
பலகைமேல் உயிரோடு ஒரு தவளை.

முகத்துவாரத்து மணல்திட்டுக்கு
இருபது முழம் இருக்கையில் நின்றுவிட்டது.
நூற்றறுபது மைல் வந்துவிட்டு
இருபது முழத்துக்கு யோசித்தது.

மண்வெட்டி எடுத்து வருகிறேன், திட்டை வெட்டுவோம் என்றாள் ஜொகராள்.
வெட்டினால் இருக்கிறதும் கடலில் கரைந்துபோகும், குஞ்சு எங்கே தங்கும் என்றேன்.
வெட்டாவிட்டால் குஞ்சு எந்த வழியாய் உள்ளே வரும் என்றாள்.
வாஸ்தவம். நான் சொன்னதும் வாஸ்தவம்.
இடுப்பில் பறி கட்டிய இரண்டு பொம்பளைகள்
ஒரு ஆற்றுக்குப் பஞ்சாயத்துப் பேசினோம்.

அமாவாசைக்கு மறுநாள் அது.
பேச்சில் மறந்துவிட்டோம்.
மூன்று மணி வாக்கில் வாடை அழுத்தி அடிக்க,
ஏத்தம் பிடித்தது.
கடல் திட்டின்மேல் ஏறி,
விளிம்பில் கொஞ்சம் தயங்கி,
இந்தப் பக்கம் இறங்கியது.
பெரிய சத்தம் ஒன்றும் இல்லை,
பாய் சுருட்டுகிற அளவுக்குத்தான்.
ஒரு காலில் குளிர், மறு காலில் வெதுவெதுப்பு.
எந்தக் கால் எதில் என்று
கொஞ்ச நேரத்தில் தெரியாமல் போனது.

குனிந்து சேற்றில் கை விட்டேன்.
இது கண்ணுக்கான வேலை இல்லை,
விரல்தான் பார்க்கும்.
நடுவிரலுக்குக் கீழே ஏதோ சுண்டியது.
அரிசி நீளம்.
விட்டுவிட்டேன்.
ஜொகராள் மண்வெட்டியை
மறுபடி தோளில் போட்டுக்கொண்டாள்.

விடிந்ததும் நம்புவேல் கேட்டான்:
"தண்ணி வந்துச்சா மைனி?"

ஒரு கை அள்ளி
நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு,
எந்தத் தண்ணி
என்று கேட்டேன்.